அடையாளம் கேட்ட பிராட்டி

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

எம்பெருமானிடத்தில் உறுதியான நம்பிக்கை கொண்ட ஒருவன், கொள்ளைநோய் பரவும் காலத்தில் அந்நோயைப் பற்றிய செய்திகளை நாடி அறிய வேண்டுமா? அல்லது "எல்லாம் அவன் திருவுள்ளப்படி நடக்கும்" என்று செவியை மூடிக்கொண்டிருப்பதுதான் பக்திக்கு அழகா? இக்கேள்வி அண்மைக் காலத்தில் ஆஸ்திகர் பலருடைய உள்ளத்தில் எழுந்ததுண்டு. இதற்கு எதிர்ப்புறத்தில் மற்றொரு கேள்வியும் உண்டு. நாழிகைதோறும் செய்திகளைக் கேட்டுக் கேட்டு நெஞ்சம் கலங்கிப்போனவனிடம் நம்பிக்கை என்று ஒன்று மிஞ்சுமா என்பது அது. அறிவை நாடினால் நம்பிக்கை குலையும், நம்பிக்கையைக் காக்க வேண்டுமானால் அறிவதை விட்டுவிட வேண்டும் என்று, இவ்விரண்டையும் ஒன்றுக்கொன்று பகையாகக் கருதுவதே இரு கேள்விகளுக்கும் அடிப்படை. அக்கருத்து சரிதானா என்பதை ஸ்ரீராமாயணத்தின் துணைகொண்டு இங்கே ஆராய்வோம்.

நிகழ்ந்தவற்றை முதலில் நினைவுகூர்தல் நலம். 2020 ஜனவரி 30 அன்று கேரளத்தின் திருச்சூரில் கொரோனா நோய் பாரத நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மார்ச் 7 அன்று தமிழகத்தில் முதல் நோயாளி அறியப்பட்டார். மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதனை உலகம் முழுவதும் பரவிய கொள்ளைநோய் என்று அறிவித்தது. மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. சேலம், நாமக்கல் சமவெளியில் தறிகளின் ஓசை நின்றது. நாமக்கல்லிலிருந்து பாரதத்தின் எல்லாத் திசைகளுக்கும் ஓடிய லாரிகள் ஆங்காங்கே நின்றன. திருக்கோயில்களில் அர்ச்சகர்கள் நித்திய ஆராதனத்தைக் குறைவின்றி நடத்தினார்கள். ஆனால் ஸேவிக்க வருவாருக்கு வாசல் திறக்கவில்லை. பங்குனித் தேர்கள் நிலையிலேயே நின்றன. மதுரையில் கள்ளழகர் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் வைகையில் இறங்கவில்லை. ஆடி மாதத்தில் கடல்போல் மக்கள் திரளும் சேலம் கோட்டை மாரியம்மன் கோயில் வீதியும் 2020ஆம் ஆண்டில் வெறிச்சோடியது. இரண்டாம் அலை எழுந்த 2021 மே மாதம் 21ஆம் தேதி ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்கு நோய் உறுதி செய்யப்பட்டது. அரசுக் கணக்கின்படியே இம்மாநிலத்தில் 38,000க்கு மேற்பட்டோர் இந்நோயால் உயிர் நீத்தார்கள். 2023 மே 5 அன்று உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிவுற்றதாக அறிவித்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் மக்களை வாட்டியவை இரண்டு. நோய் ஒன்று, நோயைப் பற்றிய பேச்சு மற்றொன்று.

நாமக்கல்லுக்கு வரும் பக்தர்கள் அனைவரும் அறிந்த காட்சி ஒன்றுண்டு. மலையைக் குடைந்த கோயிலில் எழுந்தருளியிருக்கும் ஸ்ரீ நரஸிம்ஹனை நோக்கி, மேற்கூரை இல்லாத வெளியில், வெயிலையும் மழையையும் தாங்கிக்கொண்டு, 18 அடி உயரத் திருமேனியுடன் கைகூப்பி நிற்கிறார் சிறிய திருவடியாகிய ஆஞ்சநேய ஸ்வாமி. அவரை வலிமைக்கு உரியவராகவும், பயம் நீக்குபவராகவும் எல்லோரும் வணங்குகிறார்கள். ஆனால் ஸ்ரீராமாயணத்தில் அவர் ஏற்ற முதற் கைங்கர்யம் செய்தி கொண்டு செல்லுதல். தூது என்னும் அந்தக் கைங்கர்யத்தால்தான் இரண்டு உயிர்கள் தரித்தன. ஆகவே செய்தி என்றால் என்ன, அதனை எவ்வாறு கேட்பது, எவ்வாறு சொல்வது என்பதை அவரிடம் கற்பதே முறை.

சீதாப் பிராட்டியைத் தேடித் தெற்கே வந்த வானரர்களுக்கு ஸுக்ரீவன் ஒரு மாதம் கெடு வைத்திருந்தான். கெடு கடந்தது. பிராட்டி இருக்குமிடம் தெரியவில்லை. திரும்பிச் சென்று தண்டனை பெறுவதைவிட இங்கேயே உண்ணாதிருந்து உயிர் விடுவோம் என்று அங்கதன் முதலானோர் கடற்கரையில் தர்ப்பையைப் பரப்பி அமர்ந்தார்கள். அவர்களுக்குப் பெருமாளிடம் பக்தி இல்லாமற் போகவில்லை. உடலில் வலிமையும் குறையவில்லை. அவர்களிடம் இல்லாதிருந்தது ஒன்றே ஒன்று. பிராட்டி எங்கே இருக்கிறாள் என்னும் செய்தி அது. அப்போது சிறகிழந்த கிழட்டுக் கழுகாகிய ஸம்பாதி, இலங்கை நூறு யோஜனைக்கு அப்பால் இருப்பதையும், அங்கே பிராட்டி சிறைப்பட்டிருப்பதையும் தெரிவித்தார். அந்தச் செய்தி இனிமையானதன்று. நடுவே கடல் கிடக்கிறது என்பதும், பகைவன் ராவணன் என்பதும் அதில் அடங்கியிருந்தன. ஆயினும் அதனைக் கேட்டவுடன் இறக்கத் துணிந்தவர்கள் எழுந்து, கடலைக் கடப்பவர் யார் என்று ஆலோசிக்கத் தொடங்கினார்கள். கடினமான உண்மையே அவர்களுக்கு நம்பிக்கையைப் பிறப்பித்தது. அறிவும் நம்பிக்கையும் பகையல்ல என்பதற்கு இது முதற் சான்று.

இரண்டாவது சான்று இன்னும் நுட்பமானது. அசோகவனத்தில் பிராட்டி பத்து மாதங்களாகக் காத்திருந்தது ஒரு சொல்லுக்காக. அந்தச் சொல்லைத் திருவடி மரத்தின் மேலிருந்து கூறினார். தவித்த வாய்க்குத் தண்ணீர் கிடைத்தாற்போல் அவள் உடனே ஏற்றிருக்கலாம். அவளோ ஏற்கவில்லை. முன்னொரு நாள் ஸந்யாஸி வேடத்தில் வந்தவனை நம்பியதால் நேர்ந்த துன்பத்தை அவள் மறக்கவில்லை. இவனும் வேடம் பூண்ட ராவணனோ என்று ஐயுற்றாள். பெருமாளின் திருமேனி அடையாளங்களைச் சொல் என்றாள். மனிதருக்கும் வானரருக்கும் நட்பு உண்டானது எவ்வாறு என்று கேட்டாள். திருவடி ஒவ்வொன்றையும் விளக்கி, இறுதியில் கணையாழியையும் அளித்த பின்னரே அவள் மகிழ்ந்தாள். தான் திருப்பி அனுப்பும் செய்திக்கும் அடையாளமாகச் சூடாமணியையும், தங்கள் இருவருக்கு மட்டுமே தெரிந்த காகத்தின் கதையையும் தந்தாள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. மஹாவிச்வாஸத்துக்கு இலக்கணமாக நம் பூர்வாசார்யர்கள் கொண்டாடுவது பிராட்டியை. அவளே அடையாளம் கேட்டாள் என்றால், அடையாளம் கேட்பது அவிச்வாஸம் ஆகாது. எம்பெருமானை நம்ப வேண்டும் என்று சாஸ்திரம் விதிக்கிறது. அவன் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் ஒவ்வொரு குரலையும் நம்ப வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் விதிக்கவில்லை. தான் மிகவும் விரும்பும் செய்தியையே அதிகமாகச் சோதிக்க வேண்டும் என்பதும் பிராட்டியிடம் கற்கும் பாடம். "இன்ன கஷாயம் பருகினால் இந்நோய் அணுகவே அணுகாது" என்பன போன்ற சொற்கள் 2020ஆம் ஆண்டில் எத்தனை கைப்பேசிகளில் உலாவின! கேட்பதற்கு இனிய அச்சொற்களுக்குக் கணையாழி எங்கே என்று கேட்டவர் எத்தனை பேர்?

நம் ஸித்தாந்தம் ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என மூன்று ப்ரமாணங்களை ஒப்புக்கொள்கிறது. சப்தமாகிய சொல் ப்ரமாணமாவதற்கு, சொல்பவன் ஆப்தனாக இருக்க வேண்டும். பொருளை உள்ளபடி அறிந்தவனும், அறிந்ததை மறைக்காமலும் திரிக்காமலும் சொல்ல விரும்புபவனுமே ஆப்தன். நம்மிடம் அன்புள்ளவன் என்பது மட்டும் ஒருவனை ஆப்தனாக்காது. செய்தி அனுப்புபவர் மாமனாகவோ, பால்ய நண்பனாகவோ இருக்கலாம். அவர் அன்பில் குறையில்லை. அப்பொருளில் அவருக்கு அறிவு உண்டா என்பதே கேள்வி. ஆப்தனுக்கு மற்றோர் அடையாளமும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல அவன் தயங்கமாட்டான்.

அடையாளம் கேளாமல் ஏற்ற ஒரு சொல் இந்தச் சமவெளியில் என்ன செய்தது என்பதை இவ்வூரார் மறந்திருக்கமாட்டார்கள். 2020ஆம் ஆண்டு பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழிகளின் மூலமாக இந்நோய் பரவுகிறது என்ற வதந்தி கைப்பேசிகளின் வழியே நாடெங்கும் பரவியது. அதற்கு ஆதாரமில்லை என்று மத்திய கால்நடைப் பராமரிப்புத் துறை அறிவித்தது. ஆனால் வதந்தி சென்ற வேகத்தில் மறுப்பு செல்லவில்லை. நாள்தோறும் கோடிக்கணக்கில் முட்டைகளை வெளியூர்களுக்கு அனுப்பும் நாமக்கல் வட்டாரத்தில் விலை வீழ்ந்தது. கடன் பெற்றுப் பண்ணை வைத்தவர், தீவனத்துக்கு மக்காச்சோளம் விளைவித்தவர், மூட்டை சுமந்தவர், வண்டி ஓட்டியவர் என ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் துன்புற்றார்கள். நோய் இவ்வூருக்கு வருமுன்னரே பொய் வந்து அடித்தது. மாமிச உணவு கொள்ளாத வைஷ்ணவர்களுக்கு இதில் என்ன என்று கேட்கலாகாது. ஒருவன் உண்பதும் உண்ணாததும் அவனவன் ஆசாரம்; ஆனால் பொய்யான சொல் ஒன்றைத் தன் கையால் பிறருக்கு அனுப்பி, முகமறியாக் குடும்பத்தின் பிழைப்பைக் கெடுப்பது எல்லா ஆசாரத்தாருக்கும் பாபமே. வாயால் சொன்னால்தான் பொய், விரலால் அனுப்பினால் பொய்யாகாது என்று தர்மசாஸ்திரம் விலக்கு அளிக்கவில்லை.

அறியாமை அச்சமாக முற்றினால் கொடுமையாக மாறும் என்பதையும் அந்நாட்களில் கண்டோம். 2020 ஏப்ரல் மாதத்தில் சென்னையில், இந்நோய்க்கு இரையான ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கூட்டம் தடுத்தது. ஆம்புலன்ஸ் வண்டியைக் கல்லால் அடித்தது. முறைப்படி அடக்கம் செய்யப்படும் உடலிலிருந்து அக்கம்பக்கத்தார்க்கு நோய் பரவாது, உயிருள்ளவர்களின் மூச்சும் பேச்சும் இருமலுமே அதனைப் பரப்பும் என்ற ஒரு செய்தி அவர்கள் நெஞ்சில் இருந்திருந்தால் அந்தப் பழி நேர்ந்திராது.

"கண்ணால் கண்டதையுமா நம்பக்கூடாது?" என்று சிலர் கேட்பதுண்டு. இதற்கும் ஸ்ரீராமாயணமே விடை கூறுகிறது. யுத்தத்தின் நடுவே இந்த்ரஜித் மாயையால் ஒரு சீதையைப் படைத்துத் தேரில் வைத்து, திருவடியின் கண்ணெதிரே வாளால் வெட்டினான். ஞானத்தில் சிறந்த திருவடியே அதனை மெய்யென்று எண்ணிக் கலங்கி, பெருமாளிடம் சென்று விண்ணப்பித்தார். பெருமாள் மூர்ச்சித்து விழுந்தார். அப்போது விபீஷணாழ்வான் வந்து தெளிவித்தார். ராவணனுடைய எண்ணத்தை அறிந்தவராதலால், பிராட்டிக்கு அப்படியொரு தீங்கு நேர அவன் இசையமாட்டான் என்று காரணம் காட்டினார். நாம் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில் நிகும்பிலையில் வேள்வியை முடித்துக்கொள்ளவே இந்த்ரஜித் இம்மாயையைச் செய்தான் என்பதையும் எடுத்துரைத்தார். பொய்யைப் படைத்தவன் விரும்பியது நம் கண்ணீரை அன்று, நாம் இழக்கும் காலத்தை. கொள்ளைநோய்க் காலத்திலும் வதந்தியில் கழியும் ஒவ்வொரு நாளும் நோய்க்கு லாபமான நாளே.

தமிழகத்தில் இதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் கூறலாம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15 அன்று மக்களுக்கு வழிகாட்டும் எண்ணத்துடன் வெளிப்படையாகத் தடுப்பூசி செலுத்திக்கொண்டார். ஏப்ரல் 17 அன்று மாரடைப்பால் காலமானார். ஊசியே காரணம் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஊசிக்குச் செல்ல இருந்தவர்களும் தயங்கினார்கள். மத்திய அரசின் நிபுணர் குழு ஆராய்ந்து, அம்மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை, இரண்டும் அடுத்தடுத்து நேர்ந்தவையே என்று பின்னர் அறிவித்தது. காகம் வந்து அமரவும் பனம்பழம் விழவும் ஒன்றாக நேர்ந்ததைக் காகதாலீய நியாயம் என்று ஸம்ஸ்க்ருத பாடசாலைகளில் சிறுவர்களுக்கும் கற்பிப்பார்கள். அந்தச் சிறிய நியாயத்தை நினைவில் வைத்திருந்தால், இரண்டாம் அலையின் உச்சத்தில் எத்தனையோ வீடுகளில் தயக்கம் நீங்கியிருக்கும்.

இனி, ஆஸ்திகர்கள் எழுப்பும் தடைகளைப் பார்ப்போம்.

முதல் தடை, "பெருமாள் காப்பான் என்றால் அவன் கோயிலையே ஏன் அடைக்க வேண்டும்?" என்பது. பதினான்காம் நூற்றாண்டில் திருவரங்கத்தின் மீது படையெடுப்பு வந்தபோது, பெரிய பெருமாளின் ஸந்நிதியைக் கல்லால் சுவரெழுப்பி மறைத்து, நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிக்கொண்டு பிள்ளை லோகாசாரியர் முதலானோர் தெற்கே சென்றார்கள் என்று ஸம்ப்ரதாய வரலாறு கூறுகிறது. நம்பெருமாள் மீண்டும் திருவரங்கம் எழுந்தருளியது 1371ஆம் ஆண்டில். ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம் அது. வாசலை அடைத்த அந்த ஆசார்யர்களைக் காட்டிலும் விச்வாஸம் மிக்கவர் யார்? பகைவன் வருகிறான் என்ற செய்தியை அவர்கள் கேட்டார்கள்; அதற்கேற்ப நடந்தார்கள்; அதன்பின் பாரத்தை அவன் திருவடிகளில் வைத்தார்கள். காக்கும் பொருட்டு வாசலை அடைப்பதும் ஒரு கைங்கர்யமே. அங்கே காக்கப்பட்டது திருமேனி. 2020ஆம் ஆண்டில் காக்கப்பட்டவர்கள் அவன் அடியார்கள்.

இரண்டாவது தடை, "நேற்று ஒன்று சொன்னார்கள், இன்று ஒன்று சொல்கிறார்கள், இவர்களை எப்படி நம்புவது?" என்பது. முகக்கவசம் எல்லோருக்கும் வேண்டியதில்லை என்று முதலில் கூறிய உலக சுகாதார நிறுவனம், 2020 ஜூன் 5 அன்று, பரவல் உள்ள இடங்களில் மக்கள் அணிவதே நல்லது என்று மாற்றிக் கூறியது உண்மை. நோயின் அறிகுறி தோன்றாதவரிடமிருந்தும் அது பரவும் என்பது மேன்மேலும் தெளிவானதால் வந்த மாற்றம் இது. பூர்வபக்ஷத்தைக் கடந்து ஸித்தாந்தத்துக்குச் செல்வது நம் சாஸ்திரங்களின் வழக்கம். நேற்றைய கருத்தை இன்றைய சான்று மாற்றினால் அதனை வெளிப்படையாக ஒப்புக்கொள்பவன் ஆப்தனுக்கு அருகில் நிற்கிறான். எந்தச் சான்று வந்தாலும் மாறாமல் தன் கூற்றையே உரத்துச் சொல்பவனிடமே எச்சரிக்கை வேண்டும்.

மூன்றாவது தடை கருணையிலிருந்து பிறப்பது. "உண்மை நம்பிக்கையைக் கெடுக்குமானால் அதை மறைப்பதல்லவா தர்மம்?" என்பது. இதற்கு விடை, இலங்கையிலிருந்து திரும்பிய திருவடியிடம் இருக்கிறது. பெருமாளிடம் அவர் முதலில் விண்ணப்பித்தது, பிராட்டியைக் கண்டேன், அவள் உயிரோடும் தூய்மையோடும் இருக்கிறாள் என்பதை. கேட்பவரின் உயிர் அந்த ஒரு சொல்லில் தொங்குவதை அறிந்தவர் அவர். ஆனால் அதனோடு நிறுத்தவில்லை. அவள் மெலிந்திருப்பதையும், அரக்கியரால் வருந்துவதையும், இன்னும் ஒரு மாதமே உயிர் தரித்திருப்பேன் என்று அவள் கூறியதையும் மறைக்காமல் சொன்னார். அந்தக் கெடுவை மறைத்திருந்தால் அணை கட்டும் வேகம் எங்கிருந்து வந்திருக்கும்? கேட்பவர் தாங்கும் வரிசையில் சொல்வது கருணை. சொல்லாமல் விடுவது வஞ்சனை. பிறரைக் கலக்காமலும், உண்மையாகவும், இனிமையாகவும், நன்மை பயப்பதாகவும் பேசுவதை வாக்கின் தவம் என்று கீதையின் பதினேழாம் அத்தியாயம் போற்றுகிறது. இந்நான்கும் சேர்ந்திருப்பதே தவம். ஒன்றைப் பெற மற்றொன்றை விடுவதற்கு அங்கே இடமில்லை.

செய்தியை நாடுவது தகும் என்றால் இரவும் பகலும் அதிலேயே மூழ்குவதும் தகுமோ எனின், தகாது. இலங்கை முழுதும் தேடியும் பிராட்டியைக் காணாத ஓரிரவில் திருவடியும் மனம் சோர்ந்தார். காணாமல் திரும்பினால் பெருமாள் தரிக்கமாட்டார், அவருக்குப்பின் இளைய பெருமாள், பரதன், அன்னையர் என ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் அழிவார்கள் என்று அவருடைய சிந்தனை ஓடியது. நிகழாத துன்பங்களை நெஞ்சில் அடுக்கிக்கொண்டே போகும் நிலை இது. நள்ளிரவில் கைப்பேசியை வைத்துக்கொண்டு செய்திமேல் செய்தியாகப் பார்த்துக் கலங்குபவரின் நிலையும் இதுவே. அவர் அதிலிருந்து மீண்டது எவ்வாறு? மனம் தளராமையே எல்லா நலத்துக்கும் வேர் என்று தெளிந்தார். தேடாத இடம் ஒன்று இன்னும் இருப்பதைக் கண்டார். அதுவே அசோகவனம். கற்பனையான துன்பங்களை எண்ணுவதை விட்டு, அடுத்துச் செய்ய வேண்டியது யாது என்று பார்த்தவுடன் வழி புலப்பட்டது.

கொள்ளைநோய்க் காலத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறை நாள்தோறும் மாலையில் ஓர் அறிக்கை வெளியிட்டது. எத்தனை பேருக்கு நோய், எத்தனை பேர் குணமடைந்தனர், எத்தனை பேர் இறந்தனர் என்று மாவட்டந்தோறும் அதில் கணக்கு இருந்தது. ஸந்தியாவந்தனத்துக்குக் காலம் உள்ளதுபோல் அதற்கும் ஒரு காலம் வைத்து ஒருமுறை கேட்டால் போதுமானது. மற்ற பொழுதெல்லாம் கடமைக்கும் நாம ஸங்கீர்த்தனத்துக்கும் உரியது. அறிய வேண்டிய அளவு அறிந்தபின் மேலும் மேலும் கேட்பது அறிவைப் பெருக்காது, பயத்தையே பெருக்கும்.

அறிந்ததைச் செயலாக்குவதே அறிந்ததன் பயன். சரக ஸம்ஹிதையின் விமாந ஸ்தானத்தில், ஊர்களை அழிக்கும் நோய்களைப் பற்றியே ஓர் அத்தியாயம் உண்டு. வேறுவேறு உடலமைப்பும் உணவும் கொண்டவர்கள் ஒரே நோயால் ஒரே காலத்தில் ஏன் மடிகிறார்கள் என்று அக்நிவேசர் வினவ, காற்று, நீர், நிலம், காலம் ஆகிய பொதுவானவை கெடுவதால் என்று ஆத்ரேயர் விடையளிக்கிறார். தீங்கு வருமுன்னரே மூலிகைகளைச் சேர்த்து வைக்கவும் சீடர்களுக்குக் கட்டளையிடுகிறார். நம் கிராமங்களில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலைக் கொத்து செருகும் வழக்கமும் ஒருவகை அறிவிப்பே. அதைக் கண்டவர் உள்ளே நுழையாமல் விலகிச் செல்வார். நோயை மறைக்காமல் ஊருக்குத் தெரிவித்த நாகரிகம் அது. அந்தப் பெரியம்மையே தடுப்பூசியால் உலகிலிருந்து ஒழிந்தது என்று 1980ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது.

1918ஆம் ஆண்டில் பம்பாயில் கப்பல் வழியே இறங்கிய விஷக்காய்ச்சலால் இந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அவ்வாண்டில் சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. பிற்காலத்தில் சக்ரவர்த்தித் திருமகன் என்று ஸ்ரீராமாயணத்தைத் தமிழ் மக்களுக்கு எழுதி அளித்தவரும் அவரே. அக்காய்ச்சலுக்கு மருந்தும் இல்லை, தடுப்பூசியும் இல்லை. காரணக் கிருமி எதுவென்றும் அன்று தெரியாது. நூறாண்டுகள் கழித்து வந்த நோய்க்கோ ஓராண்டுக்குள் தடுப்பூசி உருவாயிற்று. 2021 ஜனவரி 16 அன்று இந்நாட்டில் தொடங்கிய ஊசிப்பணி, 2022 ஜூலை 17 அன்று 200 கோடித் தவணைகளை எட்டியது. பிராணவாயு கிடைக்காமல் நாடே தவித்த 2021 மே மாதத்தில், சேலம் உருக்காலை வளாகத்தில் பிராணவாயு வசதியுடன் 500 படுக்கைகள் அமைக்கப்பட்டன. எஃகு செய்யும் இடம் மூச்சுத் திணறியவர்களுக்குப் புகலிடமாயிற்று. இவையும் செய்திகளே. இறந்தோர் கணக்கை மட்டும் கேட்டு இவற்றைக் கேளாதவனும் உண்மையில் பாதியை விட்டவனே.

இவ்வளவும் கூறியபின், விடையளிக்கக் கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. செய்தியை முறையாக அறிந்து, ஜாக்கிரதையாக நடந்து, பெருமாளையும் இடைவிடாமல் பிரார்த்தித்தவர்களும் அந்நோயில் மாண்டார்களே. அவர்கள் நம்பிக்கை வீணாயிற்றா? தாயையோ மகனையோ இழந்து, கடைசியாக முகத்தைக்கூடக் காண இயலாதவர்கள் இக்கேள்வியைக் கேட்கும்போது விரைந்து விடை சொல்வது அழகன்று. பெரிய உடையாராகிய ஜடாயு மஹாராஜரின் சரித்திரத்தையே அவர்கள்முன் வைக்கலாம். அவர் பிராட்டியைக் காக்கப் போரிட்டார், தோற்றார். சிறகறுந்து கிடந்தவர், பெருமாள் வரும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்து, ராவணன் அவளைத் தெற்கே கொண்டு சென்றான் என்னும் உண்மையைச் சொன்னார். அவன் அபகரித்த முஹூர்த்தம் விந்தம் என்பதால், இழந்த பொருள் உரியவரிடமே திரும்பும் என்றும் சொல்லி உயிர் நீத்தார். கடைசி மூச்சில் செய்தியையும் நம்பிக்கையையும் ஒருசேர அளித்தவர் அவர். பிழைப்போம் என்பதை அவர் நம்பவில்லை. தாம் செய்தது வீண்போகாது என்பதையே நம்பினார். வீண்போகவும் இல்லை. தந்தைக்குச் செய்ய இயலாத ஸம்ஸ்காரத்தைச் சக்ரவர்த்தித் திருமகன் தம் திருக்கைகளால் அவருக்குச் செய்து, நற்கதியும் அளித்தார். காஞ்சிக்கு அருகில் உள்ள திருப்புட்குழி இன்றும் அதனை நினைவூட்டுகிறது.

2020, 2021ஆம் ஆண்டுகளில் உறவினர் அருகே வர இயலாத உடல்களுக்கு, ஜாதியும் மதமும் பாராமல் தகனமும் அடக்கமும் செய்த தன்னார்வலர்கள் தமிழகத்தில் பலர் இருந்தார்கள். அவர்கள் செய்தது பெருமாள் ஜடாயுவுக்குச் செய்த கைங்கர்யம். நோய் எவ்வாறு பரவும், எவ்வாறு பரவாது என்பதைக் கேட்டறிந்து, உரிய கவசம் அணிந்து அவர்கள் அப்பணியைச் செய்தார்கள். அறிவு அவர்கள் பயத்தைப் போக்கியது. நம்பிக்கை அவர்களை அடியெடுத்து வைக்கச் செய்தது. இவ்விரண்டில் எது இல்லாவிடினும் அந்த உடல்கள் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கும்.

ஆகவே எம்பெருமானை நம்புபவன் செய்தியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அறிந்தவரிடம் கேட்க வேண்டும். அடையாளம் கேட்க வேண்டும். அளவோடு கேட்க வேண்டும். கேட்டதில் நம் கடமை எதுவோ அதைச் செய்ய வேண்டும். பலனை அவனிடம் விட வேண்டும். உண்மை என்று தெரியாத எதையும் பிறருக்கு அனுப்புவதில்லை என்னும் ஸங்கல்பத்தை, இத்திருவிழாவில் நாமகிரித் தாயாரையும் ஸ்ரீ நரஸிம்ஹனையும் ஸேவிக்கும் பக்தர் ஒவ்வொருவரும் ஆஞ்சநேய ஸ்வாமியின் ஸந்நிதியில் செய்துகொள்ளலாம். வடைமாலை சாத்துவதைப்போல் அதுவும் அவருக்கு உகந்ததே. மீண்டும் ஒரு கொள்ளைநோய் வருங்காலத்தில், ஓர் ஊரில் நூறு பேராவது அந்த ஸங்கல்பத்தைக் காத்தால், அவ்வூரில் பொய்யால் பிழைப்பிழப்பவரும், பயத்தால் கைவிடப்படுபவரும் குறைவார்கள்.

பிராட்டிக்கும் பெருமாளுக்கும் நடுவே உண்மையைச் சுமந்து சென்ற திருவடி, நம் செவிக்கும் வாக்குக்கும் தெளிவையும், நெஞ்சுக்குத் தளராமையையும் அருள்வாராக. நோயின்றி, வாட்டமின்றி, இச்சமவெளி மக்களும் விழாவுக்கு வந்துள்ள அடியார்களும் எல்லா க்ஷேமங்களும் பெற்று வாழ எம்பெருமான் திருவுள்ளம் பற்றுவானாக.

சுபம்.